அநாதைச் சிறுவரும் ஆராய்ச்சியாளரும்

குழந்தைக் கல்வியைப் பற்றிப் பேசுவோர் பலர்; குழந்தைகளைப் பற்றிய உண்மைகள் எவ்வாறு கண்டறியப்பட்டன என்று வினவுவோர் சிலரே. உண்மையறிய வேண்டுமாயின் உயிருள்ள குழந்தைகளையன்றோ ஆராய வேண்டும்? அவ்வாராய்ச்சியால் அவர்களுக்கு ஊறு நேர்ந்தால் பொறுப்பாளி யார்? இதனை ஆய்ந்தறிய விரும்புவோர்க்கு, அமெரிக்காவின் ஐயோவா மாகாணத்திலிருந்த ஓர் அநாதை இல்லத்தின் வரலாறு தக்க பாடமாகும்.

டேவன்போர்ட் நகரத்து அவ்வில்லம், 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் மாண்ட வீரரின் மக்களுக்கெனத் தோன்றியது. பிற்காலத்தில் திக்கற்ற ஏழைச் சிறுவர் பலருக்கும் அதுவே புகலிடமாயிற்று. 1930களில் அங்கே குழந்தைகள் மிகுதி, பார்ப்பவர் குறைவு. கைக்குழந்தைகள் கொஞ்சுவாரும் பேசுவாருமின்றித் தொட்டிலிற் கிடந்தன.

அறிவு பிறவியிலேயே அமைவது, வளர்ப்பால் மாறாதது என்பதே அந்நாளில் மேனாட்டு அறிஞர் பலரின் கொள்கை. ஹாரல்ட் ஸ்கீல்ஸ் என்னும் உளநூலார், அறிவு மந்தமெனக் கருதப்பட்ட இரு பெண் குழந்தைகள் மனவளர்ச்சி குன்றிய பெண்கள் வாழும் விடுதிக்கு அனுப்பப்பட்டதை அறிவார். சில மாதங்கள் கழித்துக் கண்டபோது, அவை ஓடியாடி விளையாடின! காரணம் யாது? அவ்விடுதிப் பெண்கள் அவற்றை மடியில் வைத்துச் சீராட்டினர். ஓயாது பேச்சுக் கொடுத்தனர். அறிவிலிகள் என உலகம் ஒதுக்கிய பெண்களே அறிவை வளர்த்தனர்!

இவ்வாறு விடுதிகளில் வளர்ந்த 13 குழந்தைகளின் சராசரி அறிவளவு 64இலிருந்து ஏறத்தாழ 92க்கு உயர்ந்தது. அநாதை இல்லத்திலேயே தங்கிவிட்ட 12 குழந்தைகளுக்கோ 87இலிருந்து ஏறத்தாழ 60க்குத் தாழ்ந்தது. 1966ஆம் ஆண்டில் வெளிவந்த தொடராய்வில், முன்னவர் அனைவரும் தம் காலில் நிற்பவராகவும், பின்னவருட் பலர் மூன்றாம் வகுப்பையும் எட்டாதவராகவும் காணப்பட்டனர். பிறப்பே அறிவைத் தீர்மானிக்கிறது என்ற கொள்கைக்கு இது பேரிடியாயிற்று.

எனினும் ஒன்று மனத்தை உறுத்துகிறது. அப்பன்னிருவர் ஒப்பீட்டுக்கென வேண்டுமென்றே நிறுத்தப்பட்டவரல்லர். பின்னர்ப் பழைய ஏடுகளிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டவரே. ஆயினும் அவர்கள் அறிவு குன்றிவருவது ஏட்டில் ஏறியபோது, அவர்களைக் கைதூக்கிவிடும் கடமை எவருக்கும் இல்லாதிருந்தது.

நிற்க. அதே இல்லத்தில் 1939ஆம் ஆண்டு மற்றோர் ஆராய்ச்சி நிகழ்ந்தது. ஐயோவா பல்கலைக்கழகப் பேராசிரியர் வெண்டல் ஜான்சன் தாமும் திக்குவாயால் அல்லலுற்றவர். இயல்பான பேச்சுத் தடுமாற்றத்தைக் குறையென்று பெரியோர் கண்டிப்பதே திக்குவாயை உண்டாக்குகிறது என எண்ணினார். அதனைச் சோதிக்க, மேரி டியூடர் என்னும் மாணவி 22 சிறுவரைக் கொண்டு சில மாதங்கள் ஆராய்ச்சி நடத்தினார். அவர்களுள் நன்றாகப் பேசிவந்த அறுவரிடம், 'உனக்குத் திக்குவாய் வருகிறது. திருத்தமாகப் பேச முடியாவிடில் வாய் திறவாதே' என்னும் கருத்துப்படக் கூறப்பட்டது. அவர்கள் திக்குவாயராகவில்லை என்றே பிற்காலத்து ஆய்வாளர் கணித்துள்ளனர். ஆயினும் பேசக் கூசினர், படிப்பிற் பின்தங்கினர். ஆய்வேடு நூலகத்தில் உறங்கிற்று. 2001ஆம் ஆண்டில் பத்திரிகை வாயிலாகச் செய்தி வெளிப்பட்டபோது பல்கலைக்கழகம் மன்னிப்புக் கோரிற்று. 2007இல் மாகாண அரசு இழப்பீடு தர இசைந்தது. அதற்குள் ஏறக்குறைய எழுபது ஆண்டுகள் கழிந்துவிட்டன!

அநாதைகளைத் தெரிந்தெடுத்ததேன்? தடுத்துக் கேட்கத் தாய் தந்தையர் அருகில் இல்லை என்பதே விடை. செல்வர் வீட்டுப் பிள்ளையிடம் இதனைச் செய்யத் துணிந்திருப்பரோ?

1947ஆம் ஆண்டின் நூரெம்பர்க் நெறிகள், மனிதரை வைத்துச் செய்யும் சோதனைக்கு அவரது மனமொப்பிய சம்மதம் இன்றியமையாதது என்றன. குழந்தை எங்ஙனம் சம்மதிக்கும்? 1983இல் அமெரிக்க அரசு வகுத்த விதிகள் இதற்கு வழி கூறின: பெற்றோர் அநுமதி வேண்டும், விளங்கிக்கொள்ளும் வயதினராயின் குழந்தையின் இசைவும் வேண்டும். தன்னைப் பற்றிய காரியங்களில் கருத்துரைக்கும் உரிமை குழந்தைக்கு உண்டென 1989ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும் முழங்கிற்று.

பெற்றோர்களே! நம் பாலர் பள்ளிக்கும் ஆராய்ச்சியாளர் வரலாம். அவர்களை விரட்ட வேண்டாம்; ஆராய்ச்சியின்றேல் அந்தப் பதின்மூவரின் உயர்வை உலகம் அறிந்திராது. ஆனால் படிவத்திற் கையொப்பமிடுமுன், என்ன செய்வீர், எதற்காகச் செய்வீர், குறிப்புகளை யார் காண்பர், பிள்ளை வேண்டாமென்றால் நிறுத்துவீரா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவன்று. டேவன்போர்ட்டுச் சிறுவர்க்காகக் கேட்க அன்று ஒருவரும் இல்லை. நம் பிள்ளைகளுக்கோ நாம் இருக்கிறோம்.