ரம்புக்கனை ஏற்றமும் வில்லை முறையும்

மலையகப் புகையிரதப் பாதையின் வரலாற்றை எழுதுவோர் குடைந்த மலைகளையும் கடந்த பள்ளங்களையும் வியந்து கூறுவர். 1867ஆம் ஆண்டு அப்பாதை கண்டியை அடைந்தமை வியத்தற்குரியதே. ஆயின், அதில் வண்டிகளை மோதாது செலுத்திய ஒழுங்குமுறைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை ரம்புக்கனையில் நின்று நோக்குதல் பொருத்தமாகும்.

கொழும்பிலிருந்து வரும் இரட்டைப் பாதை ரம்புக்கனையில் முடிகின்றது. அப்பால் பலன வழியே கடுகண்ணாவைக்கு ஏறுவது ஒற்றைப் பாதை; ஏறத்தாழ 45 அடிக்கு ஓரடி உயரும் சரிவு. ஏறும் வண்டியும் இறங்கும் வண்டியும் ஒரே பகுதியில் நுழையின் விளைவு யாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கிலாந்தில் நோரிச் நகருக்கருகே தோர்ப்பில் 1874இல் அவ்விளைவே நேர்ந்தது. தந்தி வழி அனுமதியில் ஏற்பட்ட தவற்றால் இரு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. அதன்பின் எட்வேர்ட் டையர் வில்லைக் கருவியை அமைத்து 1878இல் காப்புரிமை பெற்றார். இலங்கையின் ஒற்றைப் பாதைகளிலும் அது நெடுங்காலம் பணிபுரிந்தது.

ஒரு பகுதியின் இரு முனைகளிலுமுள்ள நிலையங்களில் மின்கம்பியால் இணைந்த இரு கருவிகள் இருக்கும். அடுத்த நிலைய அதிபர் இசைந்தாலன்றி வில்லை வெளிவராது. ஒன்று வெளிவந்தபின், அது மீண்டும் ஒரு கருவியினுட் புகும்வரை மற்றொன்று வாராது. வில்லை பெறாத சாரதி அப்பகுதியில் நுழையலாகாது. அடுத்த நிலையத்தில் அதனை ஒப்படைத்து, மேற்பகுதிக்குரிய வேறு வில்லையைப் பெறுவார்.

இன்றைய கணினியியலார் இத்தகைய அமைப்பை ‘நிலைப்பொறி’ என்பர். பாதை மூடியுள்ளது, வண்டி உள்ளது என நிலைகள் சில. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் வழிகளும் வரையறுக்கப்பட்டவை. ‘அப்பாச்சி மினா’ போன்ற வலையமைப்பு மென்பொருட் சட்டகங்களில் ஒரு செய்தி வடிகட்டிகளின் சங்கிலியூடாகச் செல்கின்றது. மறையாக்கம் செய்யும் வடிகட்டி, இரு தரப்பும் இசைந்து முடியுமுன் செய்தியை அப்பால் விடாது. ஒவ்வொரு கண்ணியும் தன் நிலையைத் தானே காத்தல் இரண்டிற்கும் பொதுவான நெறி.

தோர்ப்பில் பாதையின் நிலை மனிதர் நினைவிலும் தாளிலும் இருந்தது. வில்லை முறையில் அது கருவியில் அமைந்தது. இரவுப் பணியில் களைத்த ஊழியன் ஒருவனின் மறதிக்குப் பயணிகள் உயிரை விலையாகக் கொடாதிருக்க வழி பிறந்தது. குடைந்த மலைகளுக்கு நிகராக இச்சிறு வில்லையும் நம் வரலாற்றில் இடம்பெறத் தக்கது என்பதே இக்கட்டுரையின் துணிபு.