கண்ணுளர் குடிஞைப் பள்ளி முதல் கிரீன் ரூம் வரை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஆடுமேடையை அளந்தே சொல்கிறது. 24 விரல் கொண்ட கோலால் 7 கோல் அகலம், 8 கோல் நீளம், 1 கோல் உயரம். வாயில் 2, எழினி எனும் திரை 3. மேடையேறும் வரை கூத்தர் எங்கே இருந்தனர் என்பதை மட்டும் அந்த அடிகள் சொல்வதில்லை.

அதை உரையில் சொன்னவர் அடியார்க்கு நல்லார். அரங்கின் உறுப்புகளாக, மறைந்து செல்லும் இடமான கரந்துபோக்கிடனையும் கண்ணுளர் குடிஞைப் பள்ளியையும் அவர் சேர்க்கிறார். கண்ணுளர் என்போர் கூத்தர். உரையாசிரியரின் ஊரான நிரம்பையைக் கொங்கு நாட்டு ஊர் என்று கொங்கு மண்டல சதகம் உரிமை கொண்டாடும். ஆகவே கொங்கு வட்டாரத்தில் இந்த அறையின் வரலாற்றைத் தேடுவோர் தொடங்க வேண்டியது 1892இல் உ.வே.சாமிநாதையர் அச்சேற்றிய அந்த உரையிலிருந்துதான்.

பள்ளி என்றால் தங்குமிடம், படுக்குமிடம். நாட்டிய சாஸ்திரம் 64 முழ நீளமும் 32 முழ அகலமும் கொண்ட நாடகசாலையின் கடைசிக் கால்பகுதியை நேபத்தியத்துக்கு ஒதுக்குகிறது. அந்தச் சொல் உடையையும் அலங்காரத்தையும் குறிப்பது. ஷேக்ஸ்பியர் காலத்து லண்டனில் வழங்கிய ‘டயரிங் ஹவுஸ்’ என்பதும் உடுத்தும் இடமே. வேடத்தைவிடக் கூத்தரின் இருப்பை முன்னிறுத்தியது தமிழ்ப் பெயர் என்று கொள்ள இடமுண்டு.

‘கிரீன் ரூம்’ பிற்காலத்துச் சொல். தாமஸ் ஷாட்வெல் 1678இல் மேடையேற்றிய ‘எ ட்ரூ விடோ’ நாடகத்தில் மேடைக்குப் பின்னுள்ள பச்சை அறை பேசப்படுகிறது. பெயர்க் காரணம் சொல்பவர்கள் ஏராளம். சுண்ணாம்பு விளக்கின் கூச்சத்திலிருந்து கண்ணுக்கு ஓய்வு தரவே சுவருக்குப் பச்சை பூசினார்கள் என்பது பலரும் விரும்பிச் சொல்லும் கதை. அந்த விளக்கு லண்டன் கோவென்ட் கார்டன் அரங்குக்கு வந்ததோ 1837இல்! பெயர் பிறந்து ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்த விளக்கு அதற்குக் காரணமாக முடியாது. ‘சீன் ரூம்’ திரிந்து ‘கிரீன் ரூம்’ ஆயிற்று என்பதற்கும் உறுதியான சான்றில்லை. ஏதோ ஓர் அரங்கில் அந்த அறைச் சுவரோ திரையோ பச்சையாக இருந்தது, பெயர் மற்ற அரங்குகளுக்கும் பரவியது என்ற எளிய விளக்கமே எனக்கு ஏற்புடையதாகப் படுகிறது.

கோவையை அடுத்த மதுக்கரையிலிருந்து மேற்கே வாளையாற்றைக் கடந்தால் கேரளம். அங்கே கதகளிக்காரர்களின் ஒப்பனையிடம் ‘அணியறை’. நாயகர்களுக்குரிய பச்சை வேடம் அங்கேதான் முகத்தில் ஏறுகிறது. ஆங்கிலப் பெயரோடு அதற்கு உறவில்லை என்றாலும் பொருத்தம் சுவையானது. கோயில் அரங்குகளான கூத்தம்பலங்களில் மேடைக்குப் பின்னே நேபத்தியம், அதற்கு இரண்டு வாயில், நடுவே மிழாவு எனும் மேளம். இரண்டு வாயில் என்பது சிலம்பின் கணக்கும்கூட.

கிழக்கே, கொங்குச் சமவெளியின் தெருக்கூத்துக்கு இப்படிக் கட்டிய அறை கிடையாது. கோயில் தாழ்வாரமோ பள்ளிக்கூடத் திண்ணையோ வேஷங்கட்டப் போதும். இருவர் பிடிக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டுத்தான் வேஷக்காரர் சபைக்கு முகம் காட்டுவார்.

ஆங்கிலச் சொல் இங்கே புகுந்தது படித்தவர்களின் சபா நாடகம் வழியாக என்பது என் ஊகம். பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய ஆண்டு 1891. கொங்கில் சொந்தக் கொட்டகை போட்டு நாடகம் நடத்திய கம்பெனிகளின் காலமும் நீண்டது, 1944இல் டி.கே.எஸ். சகோதரர்கள் நாடகக் கலை மாநாட்டைக் கூட்டியது ஈரோட்டில். அதற்குள் கோவையில் சாமிக்கண்ணு வின்சென்ட்டின் வெரைட்டி ஹால் திரையரங்கும் (1914) சென்ட்ரல் ஸ்டுடியோவும் (1935) வந்துவிட்டன. நாடக நடிகர்கள் படப்பிடிப்புக்குப் போனதும் ‘மேக்கப் ரூம்’ வழக்குக்கு வந்தது. ‘ஒப்பனை அறை’ என்ற இன்றைய தமிழாக்கமும் அதையொட்டியதே. தங்குமிடம் என்ற பொருள் அதில் விடுபட்டுவிட்டது.

கோவை வட்டாரத்தில் இன்று பல அரங்கேற்றங்கள் கல்யாண மண்டபங்களில் நடக்கின்றன. அங்கே கிரீன் ரூமாவது மணமகள் அறை.