மைசூரின் குளிரும் ஹீட்டர் பிளக்கும்

மைசூரில் ஜனவரி மாத விடியற்காலையில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 16 டிகிரி அளவில்தான் இருக்கும். குளிர் என்று சொல்வதற்கே தயங்க வேண்டிய ஊர். ஆனால் இங்கே பழைய டீசல் பிக்கப் ஓட்டியவர்களுக்குக் காலையில் 'ஹீட்டர் போடுவது' பல் துலக்குவதைப் போன்ற கட்டாயம். சாவியைப் பாதி திருப்பி, எரியறையில் உள்ள ஹீட்டர் பிளக் மின்சாரத்தில் சூடேறும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகே செல்ஃப் அடிப்பார்கள். பனிநாட்டு வண்டியை அப்படியே இறக்குமதி செய்ததால் ஒட்டிக்கொண்டு வந்த வழக்கம் இது என்றொரு பொதுவான எண்ணம் உண்டு. நம் சாலைகளில் ஓடிய வண்டிகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த எண்ணம் நிற்காது. இந்த வழக்கம் என்ஜினின் எரியறை அமைப்பிலிருந்து பிறந்தது. வானிலைக்கு அதில் இரண்டாம் இடம்தான்.

இதற்கு நல்ல சான்று 1950களின் லாரிகள். 1954இல் ஜாம்ஷெட்பூரில் டாடா மெர்சிடிஸ்-பென்ஸ் லாரிகள் தயாராகத் தொடங்கின. அவற்றின் என்ஜினில் டீசல் முதலில் ஒரு சிறிய முன்னறைக்குள் தெளிக்கப்பட்டு, அங்கே பற்றிக்கொண்டு, குறுகிய துளைகள் வழியே சிலிண்டருக்குள் பாயும். ஜெர்மானியப் பொறியாளர் புரோஸ்பர் லோராஞ்ச் 1909இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. அதே காலத்தில் சென்னை எண்ணூரில் உருவான லேலண்ட் காமெட் லாரியில் முன்னறை கிடையாது. டீசல் நேராக பிஸ்டன் தலைமேல் தெளிக்கப்பட்டது. இரண்டுக்கும் ஒரே டீசல், ஒரே வெயில், ஒரே மழை. முன்னதற்கு ஹீட்டர் பிளக் வேண்டும், பின்னதற்கு வேண்டாம். குளிர்தான் காரணம் என்றால் இரண்டுக்குமே அது தேவைப்பட்டிருக்க வேண்டும், அல்லது இரண்டுக்குமே தேவைப்பட்டிருக்கக் கூடாது.

டீசல் என்ஜினுக்குப் பொறி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் காற்று தானே சூடாகி டீசலைப் பற்றவைக்கிறது. முன்னறை உள்ள என்ஜினில் காற்று குறுகிய துளைக்குள் நுழையும்போதே தன் சூட்டை உலோகச் சுவருக்குக் கொடுத்துவிடுகிறது. கொள்ளளவைப் பார்க்க அந்த அறையின் சுவர்ப்பரப்பு அதிகம். அதனால்தான் இத்தகைய சிறிய என்ஜின்களில் காற்றை இருபது மடங்குக்கும் மேல் அழுத்தினாலும், முதல் சில சுற்றுகளில் பற்றுவதற்கான சூடு மிஞ்சுவதில்லை. லேலண்ட் போன்றவை அதைவிடக் குறைவாகவே அழுத்தியும் காலையில் எழுந்துகொண்டன. முன்னறை என்ஜினைப் பொறுத்தவரை 16 டிகிரியும் குளிர்தான்.

பிக்கப் வண்டிகளின் கதை இங்கேதான் வந்து சேர்கிறது. 1988இல் வந்த டாடாமொபைல் 206, பெஷோவின் டீசல் என்ஜினை ஏற்ற மகிந்திரா ஜீப்புகள் எல்லாம் டீசலை முதலில் தனி அறைக்குள் தெளிக்கும் மறைமுகத் தெளிப்பு வகை. சிறிய என்ஜின் வேகமாகச் சுழல வேண்டும், சத்தம் குறைய வேண்டும், பம்பின் அழுத்தம் மிதமாக இருக்க வேண்டும் என்றால் அன்று இருந்த எளிய வழி அதுதான். பெரிய லாரிகள் நேரடித் தெளிப்புக்கு மாறி ஹீட்டரை மறந்துகொண்டிருந்த காலத்தில், சின்ன வண்டிகள் அதை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தன. லாரி ஓட்டுநரின் தொழில் நுணுக்கமாக இருந்தது, காய்கறி ஏற்றும் சிறு வியாபாரியின் கைப்பழக்கம் ஆனது. தென்னிந்திய வாகன வரலாற்றில் இந்த மாற்றத்துக்கு உரிய கவனம் கிடைத்ததில்லை என்பது என் வருத்தம்.

மைசூரிலிருந்து ஏறக்குறைய 125 கிலோமீட்டரில், 2,240 மீட்டர் உயரத்தில் ஊட்டி இருக்கிறதே, அங்கே உறைபனி விழுகிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. குளிரில் ஆயில் கெட்டியாகும், பேட்டரியின் வலு குறையும், செல்ஃப் மெதுவாகச் சுற்றும். அப்படிச் சுற்றும்போது, அழுத்தப்படும் காற்று தன் சூட்டை இழக்கக் கூடுதல் நேரம் கிடைக்கிறது. மைசூர்–ஊட்டிச் சாலைக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பந்திப்பூர் காட்டு வழியே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை பொதுவான வாகனப் போக்குவரத்துக்கு 2009 முதல் தடை. விலங்குகளைக் காக்க அது தேவையான தடை. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் நேரம் தவறி வந்த வண்டி காட்டின் விளிம்பிலேயே இரவெல்லாம் நின்று, நாளின் மிகக் குளிர்ந்த வேளையில் புறப்பட வேண்டியிருக்கிறது. இவையெல்லாம் ஹீட்டரை நம்பியிருக்கும் நேரத்தை நீட்டுகின்றன. அதன் தேவையை உண்டாக்கியவை இவை அல்ல.

லடாக்கைக் காட்டி மறுப்பவர்களும் உண்டு. அங்கே நடப்பது வேறு. கடும் குளிரில் டீசலிலுள்ள மெழுகு உறைந்து ஃபில்டரை அடைத்துவிடும். டீசலே வந்து சேராத என்ஜினில் ஹீட்டர் என்ன செய்யும்? டேங்குக்கு அடியில் நெருப்பு மூட்டும் ஆபத்தான வழக்கம் அந்தத் தவிப்பில் வந்தது. 2019இல் இந்தியன் ஆயில் மைனஸ் 33 டிகிரி வரை ஓடக்கூடிய குளிர்கால டீசலை அங்கே அனுப்பத் தொடங்கியது. மைசூருக்கோ ஊட்டிக்கோ அந்த டீசல் வேண்டியதில்லை.

தேய்ந்த பிஸ்டன் ரிங், பழைய பேட்டரி, இவற்றின் குறையை மறைக்கத்தான் ஹீட்டர் என்பது இன்னொரு வாதம். தேய்மானம் தொல்லையைக் கூட்டும், உண்மைதான். ஆனால் தொழிற்சாலையிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டியிலேயே சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் இருந்தது. அதில் ஒன்று எரிந்துபோனாலும் காலையில் வண்டி இருமிக்கொண்டு வெள்ளைப் புகை கக்கும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து ஈதர் ஸ்பிரே அடிப்பது பேராபத்து. சூடான ஹீட்டர்மேல் பட்டால் அது உள்ளேயே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும். டீசலை மிக உயர்ந்த அழுத்தத்தில் தெளிக்கும் காமன் ரெயில் வந்து பிக்கப்பும் நேரடித் தெளிப்புக்கு மாறிய பின், மைசூர்க் காலைகளில் காத்திருக்கும் நேரம் ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் மைசூரின் வானிலை மாறிவிடவில்லை, மாறியது எரியறை.