ஓவியர் ஹிக்கி காட்டிய முகங்கள்

சென்னைக்குத் துறைமுகம் அமையாத காலம். கப்பல்கள் கடலில் நங்கூரமிட, பயணிகள் மசூலாப் படகுகளில் அலைகடந்து கரையேறுவர். கொட்டிவாக்கத்து மணலில் நின்று நாம் காணும் இதே வங்கக்கடல் வழியாக 1798இல் சென்னைக்கு வந்தவர் தாமஸ் ஹிக்கி என்னும் அயர்லாந்து ஓவியர்.

1741இல் டப்ளினில் பிறந்து, இத்தாலியில் கலை பயின்றவர் அவர். 1780இல் இந்தியாவுக்குப் புறப்பட்ட அவரது கப்பல் பகைவரிடம் சிக்கியது. லிஸ்பனில் சில காலம் தங்கி, 1784இல்தான் கல்கத்தாவை அடைந்தார். பின்னர் மெக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழுவோடு சீனாவுக்கும் சென்று வந்தார்.

1799 மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. வென்ற படைத்தலைவர்களையும், தந்தை திப்புவை இழந்த மைந்தர்களையும் ஹிக்கி ஒருசேர வரைந்தார். அவ்வெற்றியைப் பெரிய ஓவிய வரிசையாகத் தீட்டும் அவரது திட்டமோ நிறைவேறவில்லை. முகங்களே நிலைத்தன. 1816இல் நில அளவையாளர் காலின் மெக்கன்சியை வரைந்தபோதும், அவருக்குத் துணைநின்ற இந்தியர் மூவரை அவர் விட்டுவிடவில்லை.

அவர் தீட்டியவற்றுள் இரண்டை இணைத்து நோக்குவோம். ஒன்று, 1805ஆம் ஆண்டளவில் வரைந்த மைசூர் அரசகுலப் பெண்டிர் மூவரின் படம். ஆடல்மகளிர் என முன்பு கருதப்பட்ட இவர்களுள் ஒருத்தி, சேலையை விலக்கி மேற்கையைச் சுட்டுகிறாள். அம்மைப்பால் குத்திக்கொண்ட இடத்தையே அவள் காட்டுகிறாள் என்பது வரலாற்றாசிரியர் நைஜல் சான்சலரின் கருத்து. 1802இல்தான் அம்முறை இந்தியாவுக்கு வந்திருந்தது. மக்களின் அச்சத்தைப் போக்க அரண்மனையே முன்வந்தது போலும்!

மற்றொன்று, பாரிஸ் மறைபரப்புச் சபையைச் சார்ந்த துபுவா அடிகளின் படம். 1792இல் இந்தியா வந்த இக்குரு, நம் நாட்டு உடையணிந்து, நம் மக்களின் உணவுமுறையைக் கைக்கொண்டு வாழ்ந்தவர். மைசூர் நாட்டில் அம்மை குத்தும் பணிக்குத் தோள்கொடுத்தவரும் இவரே. 1803–04இல் அவரைச் சார்ந்தோர் முயற்சியால் 25,432 பேர் அம்மை குத்திக்கொண்டதாக அரசுக் கோப்பு ஒன்று கூறுகிறது.

தம் மறைப்பணி பலன் தரவில்லை என்ற மனச்சுமையோடு அடிகள் 1823இல் தாயகம் திரும்பினார். மறுஆண்டே ஹிக்கி சென்னையில் மறைந்தார். மனமாற்றங்களை எண்ணிய குருவுக்குத் தம் பணி தோல்வியாகவே தோன்றியது. ஆனால் கொள்ளைநோய்க்கு இரையாகாமல் வளர்ந்த பிள்ளைகளை நாம் எந்தக் கணக்கில் சேர்ப்பது? பெற்றவர் பெயரும் சமயமும் கேளாமல் அளிக்கப்பட்ட அந்த நலமும் நற்செய்தியின் கனியே அல்லவா?