ஊஞ்சலில் தொங்கிய குழந்தை

அக்குளைச் சுற்றி ஒரு பட்டை, தாடைக்குக் கீழே இன்னொன்று, கைகளுக்கு இரண்டு பிடிகள். 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இப்படித்தான் குழந்தைகளை அந்தரத்தில் தொங்கவிட்டு ஆட்டினார்கள். கால்கள் வில்லாக வளைந்து, முதுகு கோணிப்போன ரிக்கெட்ஸ் குழந்தைகள். தொங்கினால் முதுகு நிமிரும் என்று நம்பினார் டாக்டர் பிரான்சிஸ் கிளிஸன். 1650-இல் இந்த நோயைப் பற்றிப் பெரிய நூலே எழுதினார். ஆனால் எலும்பு ஏன் மெழுகாக வளைகிறது என்பது மட்டும் பிடிபடவில்லை.

1822-இல் போலந்து மருத்துவர் ஸ்னியாடெக்கி ஒன்றைக் கவனித்தார். வார்சா நகரக் குழந்தைகளைப் படுத்திய நோய், கிராமத்துப் பிள்ளைகளை அவ்வளவாக அண்டவில்லை. வெயில் படட்டும் என்றார். பெரும்பாலோர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த அலட்சியத்தில் எத்தனை முதுகுகள் வளைந்தனவோ, நினைத்தால் மனம் ஆறவில்லை. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்துத்தான் அந்தப் பேச்சு மறுபடி எழுந்தது.

முதல் உலகப் போர் முடிந்த நேரம். பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், நோயுற்ற 4 குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் கிடத்தினார். எலும்புகள் இறுகின. ஒரு கையில் மட்டும் ஒளி படவைத்தார். படாத கையும் தேறியது! தோலில் பிறந்த ஏதோ ஒன்று ரத்தத்தில் ஏறி ஓடியிருக்கிறது. அது எது?

அதே காலத்தில் லண்டனில் மெல்லன்பி என்ற ஆய்வாளர் நாய்க்குட்டிகளுக்கு ஓட்ஸ் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். அவற்றை வெளியே விடாமல் அடைத்து வைத்திருந்ததுதான் அவருடைய அதிர்ஷ்டம். வெயிலில் ஓடவிட்டிருந்தால் ரிக்கெட்ஸ் எட்டிப் பார்த்திருக்காது. நோய் வந்தது, காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்ததும் போனது. விட்டமின் ஏ-யின் வேலையாக இருக்கும் என்று நினைத்தார். அங்கேதான் சறுக்கினார்.

அமெரிக்காவில் மெக்கோலம் என்ற ஆய்வாளர் அந்த எண்ணெயைச் சூடாக்கி, அதனுள் காற்றைச் செலுத்தி ஏ-யை அழித்தார். கண்நோயைத் தீர்க்கும் சக்தி போயிற்று. எலும்பைத் தேற்றும் சக்தி அப்படியே நின்றது. ஏ, பி, சி என்ற எழுத்துகளை ஏற்கெனவே வேறு விட்டமின்களுக்குச் சூட்டிவிட்டதால் புதியதற்கு டி என்று பெயர் வந்தது. ஆண்டு 1922. ஆனால் மீன் எண்ணெயும் விளக்கொளியும் ஒரே நோயைத் தீர்ப்பது எப்படி?

முடிச்சை அவிழ்த்தவர்களில் ஒருவர் விஸ்கான்சினில் இருந்த ஸ்டீன்பாக் என்ற ஆய்வாளர். 1924-இல், புற ஊதா ஒளி பட்ட தீவனமே எலிகளின் ரிக்கெட்ஸைத் தீர்ப்பதைக் காட்டினார். கொழுப்போடு கலந்த ஒரு பொருள் ஒளி பட்டு டி-யாக மாறுகிறது. நம் தோலில் நடப்பதும் அதுவே.

இன்றும் அதே வித்தைதான். ஆட்டு ரோமத்தின் மெழுகிலிருந்து எடுக்கும் பொருளில் புற ஊதா ஒளியைப் பாய்ச்சி விட்டமின் டி-யை உண்டாக்குகிறார்கள்.  அது ரிக்கெட்ஸ் வளைவை வராமல் தடுக்கும். கைக்குழந்தைக்கு டாக்டர் எழுதித்தரும் சின்ன பாட்டிலில், விட்டமின் டி சொட்டு மருந்தாக வீட்டுக்கு வருவது இதுதான். நாளுக்கு 400 யூனிட்: ஏறக்குறைய, அந்தக் காலக் குழந்தைகள் முகம் சுளித்து விழுங்கிய ஒரு டீஸ்பூன் மீன் எண்ணெயில் இருந்த அளவு.