ஏரி தந்த மனை

‘வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்’ என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். வீட்டை எங்கே கட்டுவது என்பதைப் பற்றி அவர்கள் வாய் திறக்கவில்லை. பிறந்த தெருவிலேயே வாழ்ந்து முடிந்த காலத்தில் அக்கேள்விக்கு இடமும் இல்லை. சென்னையின் நடுத்தரக் குடும்பங்கள் முன் அது பெருவாரியாக எழுந்தது 1920-களுக்குப் பின்னரே என்பது என் கருத்து. அதற்குக் காரணமாயிருந்தது ஓர் ஏரி.

தியாகராய நகரின் கடைவீதிகளில் தோளோடு தோள் உரச நடக்கும் மாணவ நண்பர்கள், தாம் ஏரி கிடந்த இடத்தில் நடக்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரையில் நீண்டு கிடந்த அந்நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டாங்க்’ என்றனர். அதில் படகுப் போட்டியும் நடத்தினர்.

இங்கே ஒரு வேடிக்கையான செய்தியைச் சொல்ல வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசிய ‘எம்டன்’ கப்பலைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். அதே எம்டன், அடுத்த மாதம் ‘கிளான் கிராண்ட்’ என்ற சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. அதில் வந்து கொண்டிருந்தவை, பாட்ரிக் கெடிஸ் என்ற ஸ்காத்லாந்து அறிஞரின் நகர அமைப்புக் கண்காட்சிப் படங்கள்! நண்பர்கள் வேறு படங்களைத் திரட்டி அனுப்ப, 1915-இல் சென்னையிலேயே கண்காட்சி நடந்தது. நகரங்களைத் திட்டமிட்டு அமைக்க வேண்டும் என்ற எண்ணம் உலகெங்கும் பரவி வந்த காலம் அது. 1920-இல் சென்னை மாகாணத்தில் நகர அமைப்புச் சட்டம் பிறந்தது. 1923-இல் ஏரியை வடிக்கும் வேலை தொடங்கியது.

புதிய குடியிருப்புக்கு நீதிக்கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் பெயர் அமைந்தது. நடுவே பூங்காவுக்குப் பனகல் அரசர் பெயர். டாக்டர் நாயர், உஸ்மான், நடேசன், தணிகாசலம் என்று தெருக்களிலும் அக்கட்சியின் பெருமக்களே நின்றனர். அரசியல் வரலாறு படிக்கும் மாணவர் ஒரு மாலை அங்கே நடந்து வந்தாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

ஆனால், பெயருக்காக யாரும் குடிபோவதில்லை. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயிலைச் சுற்றிய மாட வீதிகளில் வீடுகள் ஒன்றன் சுவரை ஒன்று தாங்கி நின்றன. குடும்பம் பெருகியது, வீடு பெருகவில்லை. பாகம் பிரிந்தது போக மிஞ்சிய அறைகளில் ஒண்டுக் குடித்தனம். புதிய நகரிலோ நாற்புறமும் காற்று வர மனை. வீட்டைச் சுற்றி மா, தென்னை வைக்க இடம். 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும், கோட்டைப் பக்கத்து அலுவலகங்களுக்குப் போவோருக்கு மாம்பலம் அருகாகிவிட்டது.

என் பாட்டனாரும் அவ்வாறு 1930-களில் மயிலையை விட்டு வந்தவர். மனையின் அளவு, ரயில் சந்தா, மாத வாடகை மிச்சம் எல்லாவற்றையும் அவர் தாளில் எழுதிக் கணக்கிட்டாராம். பாட்டியாரின் கணக்கு அத்தாளில் ஏறவில்லை. விடியற்காலையில் கோயில் மணி கேட்பது, அறுபத்துமூவர் உற்சவத்தன்று திண்ணையில் நின்றபடியே சுவாமி தரிசனம் செய்வது, அப்பளம் இட அண்டை வீட்டார் வந்து கை கொடுப்பது, பிரசவ வலி கண்டால் குரல் கொடுத்தவுடன் நாலு பேர் கூடுவது: இவை அவருக்குச் சொத்து. “தோட்டம் இருக்கிறது, பேச ஆள் இல்லை” என்று அவர் பல ஆண்டு சொல்லிக் கொண்டிருந்தார். மாம்பலத்துக் கொசுவோ அக்காலத்தில் ஊர் முழுவதும் பேசிச் சிரிக்கும் பொருளாயிருந்தது. அந்தத் தலைமுறையில் காற்றும் வெளிச்சமும் கிடைத்ததற்குத் தனிமை என்ற விலையைக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே என்று நான் கருதுகிறேன். நகர வரலாற்று நூல்களில் இதற்கு ஒரு பத்திகூட ஒதுக்கப்படுவது அரிது.

அவர்கள் தேடி வந்த அமைதியும் நெடுநாள் நிற்கவில்லை. 1928-இல் நல்லி பட்டுக்கடை தொடங்கியது. அதைத் தொடர்ந்து கடைகள் பெருகின. புறநகர் என்று வந்தவர்களின் வாசலுக்கே நகரம் வந்து சேர்ந்தது. பிறகு அமைதி நாடியவர்கள் அடையாற்றைக் கடந்தனர். 1882-லேயே பிரம்மஞான சபை அங்கே தோப்பும் ஆற்றங்கரையுமாகக் குடியேறியிருந்தது. விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் கூட்டுறவு முறையில் காந்தி நகர் உருவாயிற்று. அதுவும் இன்று நடு நகரமே.

வடிக்கப்பட்ட ஏரியின் கதை இத்துடன் முடியவில்லை. 2015 டிசம்பரில் அடையாறு பெருகியபோது கரையோர மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்தனர்; மேற்கு மாம்பலத் தெருக்களும் நீரில் மூழ்கின. 2021 நவம்பர் மழையில் தியாகராய நகரின் பெருஞ்சாலைகளில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. தாழ்ந்த நிலம் தாழ்ந்த நிலமே. மழைநீர் பத்திரம் பார்த்து ஓடுவதில்லை. மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ ரோடு’ என்று ஒரு சாலை உண்டு. அங்கிருந்து பார்க்க ஏரி இல்லை. அடுத்த ஆண்டு என் உறவினர் ஒருவர் அப்பக்கம் வீடு பார்க்கச் சென்றார். விலையைக் கேட்பதற்கு முன், சென்ற மழையில் வாசலில் எத்தனை படி நனைந்தது என்று கேட்டார். வீட்டுக்காரர் சற்று யோசித்து, “இரண்டு” என்றார்.