கள் குடியாதவருக்கும் கல்லீரல் நோய்



கல்லீரல் நோய் என்றதும் தோட்டத்தில் பிறந்த நமக்குக் கள்ளுக்கடைதான் நினைவுக்கு வரும். சம்பள நாளன்று கூலியின் பெரும்பகுதியை அங்கே தொலைத்த குடும்பங்கள் எத்தனை! 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள், ஆர். எச். நாதன் போன்றோர் வழிநடத்த வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடவேண்டும் என்றும் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்கும் வழக்கம் ஒழியவேண்டும் என்பதும் அக்கோரிக்கைகளுள் ஒன்று.

அந்தப் பழைய நினைவே இன்று நமக்கு இடையூறாகிவிட்டது. நாம் அறிந்த ஓர் அக்கா கள்ளைத் தொட்டறியாதவர். கல்லீரலில் கொழுப்பு என்று மருத்துவர் சொன்னதை வீட்டாரிடம் மறைத்து, மறு பரிசோதனைக்கும் போகாமல் இருந்தார். ‘குடிகாரி என்பார்களே’ என்ற அச்சம்.

1980இல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் லூட்விக் என்பவரும் அவர் குழுவினரும் 20 நோயாளிகளைப் பற்றி எழுதினர். அவர்களுடைய கல்லீரல் குடிகாரரின் கல்லீரலைப் போலவே கெட்டிருந்தது. ஆனால் அவர்கள் குடிகாரர் அல்லர். பெரும்பாலோர் பருமனானவர்கள், பெண்களே மிகுதி, பலருக்கு நீரிழிவும் இருந்தது.

உண்ட சோறும் சர்க்கரையும் உழைப்பில் செலவாகாவிட்டால் கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக்கித் தன்னிடமே தேக்கிக்கொள்கிறது. பெரும்பாலும் வலி தெரியாது. சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்கும், புற்றுநோயும் வரலாம்.

இருட்டோடு பெரட்டுக்கு எழுந்து, 400, 500 மரங்களைச் சுற்றிப் பால் வெட்டி, வாளி சுமந்த உடம்புக்குத் தட்டு நிறையச் சோறு வேண்டியிருந்தது. பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன. நம்மவர் பலர் அடுக்குமாடி வீடுகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் வந்தனர். நடை நின்றது. சோற்றின் அளவும் டின் பால் ஊற்றிய தேநீரும் நிற்கவில்லை. இது நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. வளரும் நாடுகள் பலவற்றிலும் இதே கதைதான். மலேசியாவில் 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடல் பருமனோ உடையவர்கள்.

2023இல் உலகக் கல்லீரல் மருத்துவர்கள் இந்நோயின் பெயரையே மாற்றினர். ‘மது சாராத’ என்ற அடைமொழி போயிற்று. உடலின் வளர்சிதை மாற்றத்தோடு இணைத்துப் புதுப்பெயர் இட்டனர். பழைய பெயர் நோயாளிக்கு இழுக்குத் தருகிறது என்பதும் ஒரு காரணம். அதாவது, அக்காவின் அச்சம் அவருக்கு மட்டும் உரியதன்று.

70 கிலோ எடையுள்ளவர் 5 முதல் 7 கிலோ வரை குறைத்தாலே கல்லீரல் கொழுப்பு நன்கு குறையும் என்கின்றனர். அக்கா இப்போது மாலையில் திடலைச் சுற்றி நடக்கிறார். டின் பாலைத்தான் இன்னும் விட மனம் வரவில்லையாம்.